எட்டெழுத்துப் பிழை

டை கட்டியவர்களைத் துப்பறிவாளருக்கு எப்போதுமே பிடிக்காது. அதிலும் தோல் தூசியும் பசை நாற்றமும் மண்டிக் கிடக்கிற ஒரு செருப்புப் பட்டறையில், இஸ்திரி கலையாத டையோடு ஒருவர் நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசினால், அவருக்குப் பேச்சே காதில் ஏறாது. டை மட்டும்தான் தெரியும்.

"சுருக்கமா சொல்றேன் சார்," என்று ஆரம்பித்த கணினி நிபுணர், சுருக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "ஆகமொத்தம், பழைய ஃபிளாப்பியில இருக்கற சாஃப்ட்வேர் புது கம்ப்யூட்டர்ல ஓடாது. தாத்தாவுக்குப் பேரன் பேசற பாஷை புரியாது இல்லையா, அந்த மாதிரி."

"எங்க தாத்தாவுக்கு நல்லாவே புரியும் சார். கடன் கேட்டா மட்டும் காது கேக்காது," என்றான் மச்சான்.

மச்சான் என்பது துப்பறிவாளரின் மனைவியுடைய தம்பி. அக்கா கல்யாணத்துக்கு வந்தவன் இன்னும் ஊர் திரும்பவில்லை. வீட்டில் தண்டச்சோறு என்று பேர் வாங்குவதற்கு முன்னால் உதவியாளன் என்று பேர் வாங்கிக்கொண்டான். துப்பறிவாளரை வேலை நேரத்தில் 'சார்' என்று கூப்பிடும்படி பலமுறை சொல்லியாகிவிட்டது. 'சரி மாமா' என்று ஒவ்வொரு முறையும் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பட்டறையில் எல்லாருக்குமான செருப்பு தைப்பதில்லை. ஒரு கால் குட்டையாகவும் ஒரு கால் நெட்டையாகவும் பிறந்தவர்கள், விபத்தில் பாதம் கோணிப்போனவர்கள், கடையில் எந்த அளவும் பொருந்தாதவர்கள் இங்கே வருவார்கள். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகக் கட்டையில் ஓர் அச்சு செதுக்க வேண்டும். அளவைக் கொடுத்தால் கணக்குப் போட்டுச் செதுக்கும் மெஷினுக்குச் சொல்கிற சாஃப்ட்வேரைப் பட்டறை முதலாளியே எழுதி, ஒரே ஒரு ஃபிளாப்பியில் வைத்திருந்தார். நகல் எடுத்தால் வேலைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். தன் நிழலைக்கூடப் பின்னால் வரவிடாத மனுஷர். போன வருஷம் அவர் போனார். போன மாதம் அவருடைய பழைய கம்ப்யூட்டரும் புகைந்து போனது. புது கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி வேலை செய்யவில்லை. மெஷினின் இடுக்கியில் யாரோ ஒருவருடைய இடது பாதம் பாதி செதுக்கியபடி அப்படியே நின்றது.

"பழசு, புதுசு பிரச்சினைகூட இல்ல சார். ஃபிளாப்பியே போச்சு. போனதுக்குக் காரணம் எங்க அண்ணி," என்றார் முதலாளியின் தம்பி. துப்பறிவாளரை அழைத்தது இவர்தான். மடியில் ஒரு தோல் பையை வைத்துக்கொண்டு, கையில் ஃபோனை உருட்டிக்கொண்டு, பத்திரம் பதிய வந்தவர் போலத் தயாராக உட்கார்ந்திருந்தார். "அண்ணன் எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தார் பாருங்க. ஒரு கீறல்கூட இல்ல. அண்ணி ஆணி பொறுக்கற காந்தத்தைக் கொண்டுபோய் இது மேல வெச்சுட்டாங்க. அவ்வளவுதான். நீங்க விசாரிச்ச மாதிரி அதை எழுதிக் குடுத்துட்டா போதும். மத்தியானம் பெரிய ஷூ கம்பெனிக்காரங்க மெஷினை வாங்க வர்றாங்க. அண்ணி தன் பங்கை எனக்கு விட்டுக் குடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டா நான் பாத்துப்பேன்."

"செத்த மெஷினை அவங்க எதுக்கு வாங்கறாங்க?" என்றார் துப்பறிவாளர்.

"இரும்புக்குதான்."

ஷூ கம்பெனிக்காரன் எப்போதிலிருந்து இரும்புக் கடை வைத்தான் என்று துப்பறிவாளருக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. முட்டாள் என்று நினைத்துத்தான் தன்னைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள் என்பது வாசலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த நினைப்பைக் கொஞ்ச நேரம் கெடுக்காமல் வைத்திருப்பது நல்லது.

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்க," என்றார் நிபுணரிடம்.

புது கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி நுழைய இடமே கிடையாது. நிபுணர் ஒயர் வைத்த ஒரு சின்னப் பெட்டியை அதில் செருகியிருந்தார். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு புரோகிராம், இதோ நான்தான் பழைய கம்ப்யூட்டர் என்று ஃபிளாப்பியை நம்ப வைத்துக்கொண்டிருந்தது.

"அதாவது, புதுசு பழசு மாதிரி வேஷம் போடுது," என்றான் மச்சான். "எங்க பெரியப்பா தலைக்கு மை அடிக்கறதுக்கு நேரெதிர்."

ஃபிளாப்பி உள்ளே போனது. பச்சை விளக்கு மினுக்கியது. பெட்டிக்குள் அது சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு சுற்றியது. திரை கறுத்து, நடுவில் வெள்ளையாக எட்டு ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன.

"பாத்தீங்களா? அசலெஞ்ச்!" நிபுணர் தன் குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினார். "இது அசலெஞ்ச் எரர். வெளிநாட்டுல ரொம்ப சீரியஸா எடுத்துப்பாங்க. இது வந்தாலே ஃபிளாப்பி செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"இதுக்கு முன்னாடி எங்க பாத்திருக்கீங்க?"

"படிச்சிருக்கேன்."

"எங்க?"

"பல இடத்துல."

ஓர் இடம்கூடத் தெரியாதவன்தான் பல இடம் என்பான். மச்சான் திரைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோய் எழுத்துக் கூட்டினான். "ஏ, எஸ், ஏ, எல், ஈ, என், ஜி, ஈ. சேலஞ்சுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கு மாமா."

துப்பறிவாளர் அந்த எட்டு எழுத்தை நிபுணர் படித்தபடி ஒருமுறை படித்தார். பிறகு தான் பிறந்து வளர்ந்த பாஷையில் ஒருமுறை படித்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்த சிரிப்பை மீசைக்குள் தள்ளிவிட்டு, "அண்ணி இந்தத் திரையைப் பாத்தாங்களா?" என்றார்.

"அவங்களை எதுக்கு இங்க விடணும்? இன்னும் எதையாவது கெடுக்கறதுக்கா?" என்றார் தம்பி.

அண்ணி பின்கட்டு அறையில் தோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கையில் குத்தூசி. தடித்த தோலில் அதை ஒரே அழுத்தில் இறக்கி, ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு நடுக்கமே கிடையாது. குரலுக்குத்தான் இருந்தது.

"நான் கெடுத்தேன்னு எழுதிக் குடுக்க வந்திருக்கீங்க. எழுதிக்குங்க சார். கையெழுத்துப் போட்டுடறேன்."

"காந்தத்தை வெச்சீங்களா?"

"இல்ல. அது பொய்."

"பொய்னா சண்டை போட வேண்டியதுதானே?"

குத்தூசி மட்டும் இறங்கியது. பொய்ப் பழிக்குச் சண்டை போடாதவர்களிடம் ஒரு நிஜப் பழி ஒளிந்திருக்கும் என்பது துப்பறிவாளருடைய அனுபவம். அவர் வேறு பக்கமாக வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் இருந்தப்ப, காலைல ஃபிளாப்பியைப் போட்டா சத்தம் ஏதாவது வருமா?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "வரும். கர்ர்ர்னு முனகும். மூணு தடவை. அப்புறம்தான் திறக்கும். அதைக் கேட்டாலே நான் காதைப் பொத்திப்பேன்."

"ஏன்?"

"அந்த முனகல் என்னால வந்தது சார்."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், கணவருடைய மேஜையில் தோலை விரித்து வார் குத்திக்கொண்டிருந்திருக்கிறார். அடியில் ஃபிளாப்பி இருந்தது தெரியவில்லை. குத்தூசி தோலைத் தாண்டி, பிளாஸ்டிக்கைத் தாண்டி, உள்ளே இருந்த தட்டையும் தாண்டிவிட்டது. கடுகளவு ஓட்டை. பயத்தில் அதன் மேல் ஒரு லேபிளை ஒட்டி, பட்டறைப் பேரைத் தன் கையாலேயே எழுதி மூடிவிட்டார்.

"அவருக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாம இருக்குமா? நாலைஞ்சு நாள் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்புறம்தான் அது முனக ஆரம்பிச்சுது. முனகி முடிச்சதும் திரையில ஒரு வார்த்தை வரும்."

"என்ன வார்த்தை?"

"என்னைக் குத்திக் காட்டற வார்த்தை. தினமும் காலைல. சாகற வரைக்கும்." அண்ணி தோலைத் திருப்பிப் போட்டார். "இப்ப என்னோட ஓட்டையாலதான் அது செத்துப்போச்சு. எத்தனை பேர் கால் இந்த மெஷினை நம்பிக்கிட்டிருக்கு தெரியுமா? எந்த முகத்தோட நான் சண்டை போடறது?"

"லேபிளை அப்புறம் மாத்தினீங்களா?"

"இல்ல. என் எழுத்துதான் இன்னும் இருக்கு."

"வாங்க," என்று எழுந்தார் துப்பறிவாளர். "குத்தூசியையும் எடுத்துக்கிட்டு வாங்க. தேவைப்படலாம்."

முன்னறைக்கு வருகிற வழியில் மச்சானின் காதில் இரண்டு வார்த்தை போட்டார். மச்சானுடைய முகம் மலர்ந்தது. சுவரில் சாய்த்திருந்த நீளக் கம்பை எடுத்தான். அதன் நுனியில் உள்ளங்கை அகலக் காந்தம். தரையில் சிந்துகிற ஆணிகளைக் குனியாமல் பொறுக்குவதற்கான பட்டறைச் சாமான்.

"நாங்க எழுதிக் குடுத்துடறோம்," என்றார் துப்பறிவாளர் உள்ளே நுழைந்ததும். தம்பியின் முகத்தில் நிம்மதி பரவியது. "ஒரே ஒரு சந்தேகம். நிபுணர் சார், காந்தம் தொட்டாதான் ஃபிளாப்பி கெடுமா, பக்கத்துல வந்தாலே கெடுமா?"

"பக்கத்துல வந்தாலே கதை முடிஞ்சுது சார்," என்றார் நிபுணர். இந்த ஒன்றிலாவது அவருக்குச் சந்தேகம் இல்லை.

"இங்க ஒரே ஆணியா கெடக்கு மாமா, கால்ல குத்திடப் போவுது," என்று மச்சான் கம்பை நீட்டிக்கொண்டு புறப்பட்டான். மேஜைக்கு அடியில் நாலு ஆணி. நிபுணருடைய பளபளப்பான ஷூவுக்குப் பக்கத்தில் இரண்டு. "உங்க டைல ஏதும் ஒட்டலையே சார்? சரி." அப்படியே நகர்ந்து, தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்து, தரையை விட்டுவிட்டுக் காந்தத்தை மேலே தூக்கினான். அது தோல் பையை நோக்கி வந்தது.

"டேய்! தள்ளி எடுறா அதை!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தம்பி பையை இரண்டு கையாலும் மார்போடு கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"பைக்குள்ள என்ன சார், ஆணியா?" என்றான் மச்சான் பணிவாக.

"ஃபோன்... ஃபோன் இருக்கு."

"அது உங்க கைல இருக்கு சார்."

தம்பி தன் கையைப் பார்த்தார். ஃபோன் அங்கேதான் இருந்தது.

துப்பறிவாளர் கம்ப்யூட்டரிலிருந்து ஃபிளாப்பியை உருவினார். நகத்தைக் கொடுத்து லேபிளை உரித்தார். அடியில் பிளாஸ்டிக் கன்னங்கரேலென்று, மொழுமொழுவென்று இருந்தது. அதை அண்ணியிடம் நீட்டினார்.

"உங்க ஓட்டை எங்கம்மா?"

அண்ணி திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். "இது... இது எங்களோடது இல்லையே. லேபிள்தான் எங்களோடது."

"ஒரு கீறல்கூட இல்லன்னு உங்க கொழுந்தன் பெருமையா சொன்னார் பாருங்க, அப்பவே எனக்கு உறுத்துச்சு. இருவது வருஷம் பட்டறையில உழைச்ச சாமானுக்குக் கீறல் இல்லன்னா அது உழைக்கலன்னு அர்த்தம்." துப்பறிவாளர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீங்க நகல் எடுத்தீங்க. நகல் எடுக்கற புரோகிராம் ஓட்டை இருந்த இடத்தைப் படிக்க முடியாம தாண்டிப் போயிடுச்சு. புது ஃபிளாப்பி முழு ஆரோக்கியமா வந்துது. அதுதான் அதோட வியாதி. உங்க அண்ணன் அந்த ஓட்டையைத்தான் பூட்டா வெச்சிருந்தார். அவர் எழுதின புரோகிராம் முதல்ல அந்த இடத்தைப் படிக்கப் பாக்கும். முனகும். முடியலன்னா அசல்னு திறக்கும். நல்லா படிக்க முடிஞ்சுதுன்னா, யாரோ நகல் எடுத்துட்டான்னு கேள்வி கேக்கும்."

"என்ன கேள்வி? அது அசலெஞ்ச்..." என்றார் நிபுணர்.

"ஐயா, தயவுசெஞ்சு அதை ஒரே ஒரு தடவை தமிழ்ல படிங்க."

நிபுணர் உதட்டை அசைத்தார். ஒருமுறை. இரண்டாம் முறை. அவர் முகத்தில் ரத்தம் ஏறி, டை வரைக்கும் இறங்கியது.

"அசல்... எங்கே," என்றார் ஈனசுரத்தில்.

"அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. முதலாளி இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதிட்டுப் போயிட்டார். ஃபிளாப்பி செத்துப்போச்சாம்! செத்தவன் எழுந்து உக்காந்து அசல் எங்கேன்னு கேப்பானாய்யா? கேள்வி கேட்டுதுன்னா புரோகிராம் ஓடுதுன்னு அர்த்தம். நீங்க ஓடாதுன்னு சத்தியம் பண்ணின புது கம்ப்யூட்டர்ல, நீங்க போட்ட வேஷத்துல, ஜம்முனு ஓடுது. உங்களுக்குத் தெரியாமலேயே வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. உங்க வாழ்க்கையில இது முதல் தடவையா இருக்கும்."

தம்பி தொண்டையைக் கனைத்தார். "அதான் எங்க யாருக்குமே புரியலையே..."

"உங்களுக்குப் புரிஞ்சுது. நகலைப் போட்டுப் பாத்த அன்னிக்கே புரிஞ்சுது. நல்லதாப் போச்சுன்னு லேபிளை ஆவி காட்டி உரிச்சு இதுல ஒட்டி, அண்ணி தலையில பழியைப் போட்டீங்க. அப்புறம் அந்த வார்த்தை புரியாத நிபுணரா ஊரெல்லாம் தேடிப் பிடிச்சீங்க."

"அதே மாதிரிதான் நம்மளையும் பிடிச்சிருக்கார் மாமா," என்றான் மச்சான்.

"தெரியும். அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

"உங்களைக் கூலி குடுத்துக் கூப்பிட்டது நான்!" என்று கத்தினார் தம்பி.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் ரசீதோட பாக்கறேன்," என்றான் மச்சான். "நீங்களே எடுக்கறீங்களா சார், இல்ல காந்தத்தை உள்ள விட்டுத் துழாவட்டுமா?"

பையின் வாய் திறந்தது. மெஷினோடு சேர்த்து மத்தியானம் ஷூ கம்பெனியிடம் கொடுப்பதற்காக, ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஃபிளாப்பி வெளியே வந்தது. மூலையில் உடைசல். முதுகெல்லாம் கீறல். லேபிள் போன இடத்தில் பசை அப்பியிருந்தது. அதன் நடுவில், கடுகளவு ஓட்டை. இதை விடவா ஓர் அழுக்குச் சாமான் இருக்கும் என்று நினைக்கிற தோற்றம். அண்ணி அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீங்களே போடுங்க," என்றார் துப்பறிவாளர்.

பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் தட்டு சுற்றியது. தடுக்கியது. கர்ர்ர். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். கர்ர்ர். நிபுணர் ஓர் அடி பின்வாங்கினார். கர்ர்ர். திரை கறுத்தது. மறுபடி எட்டு எழுத்து.

மச்சான் எழுத்துக் கூட்டினான். "என், ஈ, ஈ, டி, எச், ஏ, ஏ, என்."

நிபுணர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

"வேணாம் சார்," என்றான் மச்சான்.

"நீதான்," என்றார் அண்ணி. கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இதுதான் சார் அந்த வார்த்தை. நீதான் குத்தினே. நீதான் கெடுத்தே. தினமும் காலைல இதுல முழிச்சுத்தான் நான் வேலையை ஆரம்பிப்பேன். வாய்விட்டு ஒரு தடவை திட்டியிருந்தாக்கூட அன்னியோட போயிருக்கும்."

துப்பறிவாளர் திரையைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த முதலாளியின் படத்தைப் பார்த்தார். உம்மென்று, யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிற முகம். அவருக்குத் தம்பி மேல் இருந்ததைவிட அதிகமான எரிச்சல் இப்போது இந்த ஆள் மேல் வந்தது.

"அம்மா, இந்த வார்த்தை எப்ப வருது? ஓட்டை இருந்தா மட்டும்தான் வருது. திட்டணும்னு நினைச்சிருந்தா அந்த ஆள் அன்னிக்கே வேற நல்ல ஃபிளாப்பிக்கு மாத்திக்கிட்டு, இதைத் தூக்கி எறிஞ்சிருப்பார். அதைச் செய்யல. நாலைஞ்சு நாள் உக்காந்து, உங்க கை போட்ட ஓட்டை இல்லாம இந்தப் பட்டறையே திறக்காதபடி பண்ணி வெச்சிருக்கார். தம்பியை நம்பல, வேலைக்காரனை நம்பல, உலகத்துல ஒரு ஜீவனை நம்பல. சாவி யாருன்னு மட்டும் தினமும் காலைல ஒரு தடவை சொல்லிக்கிட்டிருக்கார்." அவர் மூக்கைச் சுளித்தார். "அதையும் வாயால சொல்லத் துப்பில்ல. பொண்டாட்டிகிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஒரு கம்ப்யூட்டரைத் தூது அனுப்பியிருக்கார், இங்கிலீஷ் எழுத்துல! திருட்டுப்பயலாவது தேவலை. என்ன நினைக்கிறான்னு பையைத் திறந்தா தெரிஞ்சுடுது."

அண்ணி கண்ணைத் திறந்தார். அந்த எட்டு எழுத்தை, முதல் தடவையாகப் பார்ப்பவர் போல, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். மச்சான் காந்தக் கம்பை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தான்.

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஷூ கம்பெனிக்காரர்கள். தம்பி பழக்கதோஷத்தில் அண்ணியின் கையெழுத்துக்காக மேஜை மேல் வைத்திருந்த பத்திரத்தின் பக்கம் கையை நீட்டினார். அவர் விரலுக்கு முன்னால் குத்தூசி இறங்கியது. ஒரே அழுத்து. பத்திரத்தைத் தாண்டி மேஜையில் பாதி வரை போய் நின்றது.

"இதுலயும் ஓட்டை போட்டாச்சு தம்பி," என்றார் அண்ணி. குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறம் நீங்க இந்தப் பக்கம் வராதீங்க."

பிறகு கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பி, "இருவது வருஷம்," என்றார். "இதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவுகளை அடித்தார். மெஷின் அதிர்ந்து எழுந்து, பாதியில் நின்ற அந்த இடது பாதத்தைக் குதிகாலிலிருந்து மறுபடி செதுக்கத் தொடங்கியது.